மாத்திரையும் சாட்சியும்

சென்ற மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கவிஞ நண்பர் ஒருவர் ஒரு கட்டுரையைப் படித்துக் காட்டினார். மேல்நாட்டு மனோதத்துவ நிபுணர் ஒருவரின் ஆராய்ச்சியைப் பற்றியது. போரிலும் பலாத்காரத்திலும் உள்ளே சிதைந்துபோனவர்களுக்கு சைக்கடெலிக் வஸ்துக்களைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, பேசவிட்டுக் குணப்படுத்தும் முறையைச் சொல்வது. படித்து முடித்தபோது நண்பரின் முகமெல்லாம் பிரகாசம். கவிஞன் காலங்காலமாகச் சொல்லிவந்ததை விஞ்ஞானம் இப்போதுதான் ஒப்புக்கொண்டிருக்கிறது என்றார். எதிரே உட்கார்ந்திருந்த முற்போக்கு நண்பரோ, முதலாளித்துவம் தான் உண்டாக்கிய காயத்துக்குத் தானே மருந்தும் விற்கிறது, இதில் பேச என்ன இருக்கிறது என்று சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார். டீ வந்தது. விஷயம் முடிந்துவிட்டது. அடுத்ததாக யாரோ ஒருவருடைய தொகுப்பைக் கிழிக்க ஆரம்பித்தோம்.

இரண்டு பேருமே விஷயத்தின் மேல் விரல்கூட வைக்கவில்லை என்று வீட்டுக்கு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவருக்கு அது தன் கவிதைக்குக் கிடைத்த அத்தாட்சிப் பத்திரம். மற்றவருக்குத் தன் கட்சிக்குக் கிடைத்த இன்னொரு உதாரணம். இடையில் தூக்கமின்றிக் கிடக்கும் மனுஷனோ மனுஷியோ இருவருக்கும் தேவைப்படவில்லை. அன்று என் வாயிலிருந்து வராததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கவிஞருக்கு. இந்த வகையான புல்லரிப்புக்கெல்லாம் மூலபுருஷர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. 1953 மே மாதம் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் மேற்பார்வையில் மெஸ்கலின் சாப்பிட்டுவிட்டு, ஜாடியில் இருந்த பூக்களையும் தன் கால்சட்டையின் மடிப்புகளையும் பார்த்துப் பரவசப்பட்டார். மறுவருஷம் புத்தகம் வந்தது. புத்தகம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கலிஃபோர்னியாவில், வசதியான ஒரு வீட்டில், ஓவியங்களைப் பற்றி முப்பது வருஷம் படித்திருந்த ஒரு பிற்பகலின் அனுபவம். அதே மெஸ்கலினை, அதற்குப் பத்து வருஷத்துக்கும் குறைவான காலத்துக்கு முன், டாகாவ் முகாமில் எஸ்.எஸ். டாக்டர்கள் கைதிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒரு மனிதனுடைய மன உறுதியைக் குலைத்து உண்மையைக் கக்கவைக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள. அந்தக் கைதிகளுக்கு எந்த ஜாடியில் எந்தப் பூ தெரிந்தது? மான்ட்ரியாலில் இயுவென் கேமரன் என்ற பெரிய மனநல மருத்துவர் (உலக மனநல மருத்துவச் சங்கத்தின் முதல் தலைவர் அவர்), கவலை, சோர்வு என்று தன்னிடம் வந்தவர்களுக்கு எல்.எஸ்.டி.யும் மின் அதிர்ச்சியும் வாரக்கணக்கான தூக்கமும் கொடுத்து, ஒரே வாக்கியத்தை ஒலிநாடாவில் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தார். பிரக்ஞையைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது திட்டம். அமெரிக்க உளவு ஸ்தாபனத்தின் பணமும் அதில் இருந்தது. பலர் தங்கள் பிள்ளைகளையே மறந்துபோனார்கள்.

ஆகவே வஸ்துவுக்குள் தரிசனம் எதுவும் மடித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. யார் கொடுக்கிறார்கள், யார் வாங்கிக்கொள்கிறார்கள், கதவு வெளியிலிருந்து பூட்டியிருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை எழுத்தாளர்களில் கூச்சமில்லாமல் ஒப்புக்கொண்டவர் ஆன்ரி மிஷோ ஒருவர்தான் என்று நினைக்கிறேன். 1956இல் மெஸ்கலினைப் பற்றி எழுதிய புத்தகத்தின் பெயரிலேயே அற்புதத்தின் பக்கத்தில் அதன் கேவலத்தையும் சேர்த்து வைத்தார். நம்மவர்கள் மிஷோவின் பெயரை உதிர்ப்பதோடு சரி.

இந்த விஷயத்தில் நிஜமாகவே ஒரு இலக்கிய ஆவணம் இருக்கிறது. கவிஞ நண்பர் அதைப் படித்திருந்தால் அன்று அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

யெஹியேல் டி-நூர் போலந்தில் பிறந்த யூதர். 1943இல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டவர். (அதே 1943 ஏப்ரலில்தான் ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற ரசாயனக்காரர், தான் ஐந்து வருஷத்துக்கு முன் செய்துவைத்த எல்.எஸ்.டி.யைத் தானே உட்கொண்டு, சைக்கிளில் வீடு போய்ச் சேர்ந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவுமில்லை. ஆனால் இரண்டும் ஒரே வருஷத்தில் நடந்தன.) உயிரோடு வெளியே வந்த டி-நூர் 1945இல் இத்தாலியில் இருந்துகொண்டு முதல் நாவலை எழுதினார். தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. முகாம் கைதியைக் குறிக்கும் கொச்சைச் சொல்லையும் கையில் பச்சை குத்தப்பட்ட எண்ணையும் சேர்த்து கா-ட்ஸெட்னிக் 135633 என்று போட்டார். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் யார் என்று 1961 வரை வெளியே தெரியாது. அந்த வருஷம் ஜூன் மாதம் ஜெருசலேமில் ஐக்மன் விசாரணையில் சாட்சி சொல்ல வந்தார். ஆஷ்விட்ஸை வேறொரு கிரகம் என்றார். அங்கே காலம் வேறு, பெயர்கள் கிடையாது, பிறப்பும் இறப்பும் வேறு விதிகளின்படி என்று சொல்லிக்கொண்டே போனவர், சில நிமிஷங்களில் சாட்சிக் கூண்டிலிருந்து எழுந்து மயங்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு போனார்கள். ஹன்னா அரெண்ட் தன் புத்தகத்தில் இந்தக் காட்சியைக் கிண்டலாகத்தான் எழுதியிருக்கிறார். அரெண்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்தப் பக்கம் மட்டும் அவருடைய மோசமான பக்கங்களில் ஒன்று.

முப்பது வருஷமாக அவருக்கு இரவு என்றால் முகாம். 1976இல் மனைவியின் வற்புறுத்தலின் பேரில் ஹாலந்தில் லைடன் நகரத்துக்குப் போனார். அங்கே யான் பஸ்டியான்ஸ் என்ற மனநலப் பேராசிரியர், முகாம்களிலிருந்தும் எதிர்ப்பு இயக்கத்திலிருந்தும் மிஞ்சியவர்களுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். உலகமெங்கும் தடை வந்த பிறகும் ஹாலந்து அவருக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தது. வெளியே வந்த பின்னும் முள்வேலிக்குள்ளேயே இருப்பவர்கள் இவர்கள் என்பது அவர் எண்ணம்.

டி-நூர் கண்டது என்ன? அவர் பின்னால் எழுதியிருப்பதை என் வார்த்தையில் சொல்கிறேன். விடியற்காலை, கடுங்குளிர். உலைக்குப் போகும் லாரிக்காகக் காத்திருக்கும் எலும்புக்கூடுகளில் அவரும் ஒருவர். பக்கத்தில் காவல் நிற்கும் எஸ்.எஸ்.காரன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு கொட்டாவி விடுகிறான். அவ்வளவுதான் காட்சி. ஆனால் இவருக்கு ஒரு யோசனை வருகிறது. இவனுக்கும் தூக்கம் வருகிறது. இந்தக் குளிரில் போர்வைக்குள் கிடக்க இவனும் விரும்புகிறான். அப்படியானால் இவன் என்னைப் போன்ற மனிதன். அப்படியானால் இவன் இருக்கும் இடத்தில் நானும் நான் நிற்கும் இடத்தில் இவனும் நின்றிருக்கலாம். மருந்தின் கீழ் அவர் தன்னையே அந்த உடுப்பில், மண்டையோட்டுச் சின்னம் வைத்த தொப்பியோடு பார்க்கிறார். வீறிட்டுக் கத்துகிறார்.

இதை ரோகம் தீர்ந்தது என்று எப்படிச் சொல்வது? பதினைந்து வருஷத்துக்கு முன் உலகத்தின் முன்னால் நின்று வேறொரு கிரகம் என்று சாட்சி சொன்னவர், தன் புத்தகங்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்த அந்த ஒரே உருவகத்தை அறுபத்தேழாம் வயதில் திரும்ப எடுத்துக்கொள்கிறார். கிரகம் இதுதான், செய்தவர்கள் மனிதர்கள்தான், நானும் செய்திருக்கக்கூடும் என்று வந்து நிற்கிறார். எனக்குத் தெரிந்து எந்த எழுத்தாளனும் தன் எழுத்தின் மீது இவ்வளவு கொடூரமான விமர்சனத்தை வைத்ததில்லை. ஐந்து அமர்வுகள் ஆயின. ஐந்தோடு நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு பத்து வருஷம் எதுவும் எழுத முடியவில்லை. ஹீப்ரு மொழியில் புத்தகம் வெளிவந்தது 1987இல்.

கவிஞ நண்பர் கவனிக்க வேண்டியது இந்தப் பத்து வருஷத்தை. சில மணி நேரத்தில் மருந்து எதையோ திறந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், திறந்ததைப் பார்த்துக்கொண்டு ஒருவன் பத்து வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னாலும் முப்பது வருஷம் அவன் அதே காட்சியைத்தான் சுமந்துகொண்டிருந்தான். நம் ஆட்கள் அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் சந்தா கட்டத் தயாராக இருக்கிறார்கள்.

இனி முற்போக்கு நண்பருக்கு. அவருக்குச் சாதகமான தகவல்களை நானே தந்துவிடுகிறேன், தேடிப் படிக்கும் சிரமம் அவருக்கு வேண்டாம். இப்போதைய ஆராய்ச்சியில் எல்.எஸ்.டி. அவ்வளவாக இல்லை, எம்.டி.எம்.ஏ. என்ற வேறொரு வஸ்து. அது பயத்தைத் தணித்து, எதிரே இருப்பவரை நம்பவைத்து, நினைக்கவே முடியாததை நினைக்க இடம் கொடுக்கிறது என்பது கருத்து. அமெரிக்காவில் இதற்கென்று கம்பெனி ஏற்பட்டு, முதலீட்டாளர்களிடமிருந்து பத்துக் கோடி டாலர் திரட்டி, 2024இல் அரசாங்கத்திடம் மருந்துக்கு அனுமதி கேட்டது. ஜூன் மாதம் கூடிய ஆலோசனைக் குழு, பலன் நிரூபிக்கப்படவில்லை என்று 9க்கு 2 என்ற கணக்கிலும், ஆபத்தைவிட நன்மை அதிகமென்று சொல்ல முடியாது என்று 10க்கு 1 என்ற கணக்கிலும் வாக்களித்தது. ஆகஸ்டில் அரசாங்கம் அனுமதி மறுத்தது. கம்பெனி தன் ஊழியர்களில் நாலில் மூன்று பங்கினரை வீட்டுக்கு அனுப்பியது. அதே வாரம் ஒரு விஞ்ஞானப் பத்திரிகை, முந்தைய கட்டச் சோதனைகள் பற்றித் தான் வெளியிட்ட மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கனடாவில் ஒரு இடத்தில் சிகிச்சையாளர்களின் ஒழுக்கக்கேடு அதற்குக் காரணம். மருந்தின் பிடியிலிருந்த ஒரு பெண்ணோடு சிகிச்சையாளர்கள் படுக்கையில் கிடந்து அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது வீடியோவில் பதிவாகியிருந்தது. அவள் அங்கே வந்ததே பலாத்காரத்தின் காயத்தோடு.

இதைவிட நண்பருக்கு என்ன வேண்டும்? ஆனால் அவருடைய சூத்திரம் இங்கேயும் ஒத்துவரவில்லை. எம்.டி.எம்.ஏ.வுக்கு ஜெர்மனியில் மெர்க் கம்பெனி 1912இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. அதெல்லாம் எப்போதோ காலாவதியானதால் அதை விற்றுப் பணம் பண்ண வழியில்லாமல் போயிற்று; பெரிய மருந்துக் கம்பெனி எதுவும் சீந்தவில்லை. 1985இல் அமெரிக்கா தடை செய்தது. மறுவருஷம் ரிக் டாப்லின் என்பவர் ஒரு சங்கத்தை ஆரம்பித்து, பல வருஷங்கள் நன்கொடை வசூலித்துத்தான் இந்த ஆராய்ச்சியை நடத்தினார். தென் கரோலைனாவில் மித்தோஃபர் என்ற டாக்டரும் நர்ஸான அவர் மனைவியும் இருபது பேரை வைத்துச் செய்த முதல் சோதனையின் முடிவு 2011இல்தான் வெளிவந்தது. லாபம் இல்லாததால் தொடாமல் விட்டதும் முதலாளித்துவம், பிறகு லாபம் வரும்போல் தெரிந்ததும் ஓடிவந்ததும் முதலாளித்துவம் என்றால், சரி. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டையும் விளக்கிவிட்டதாக நினைப்பது சோம்பல்.

எனக்கு முக்கியமாகப் பட்ட எண் வேறொன்று. அதைப் பற்றி ஆராய்ச்சிக்காரர்களும் அதிகம் பேசுவதில்லை, எதிராளிகளும் பேசுவதில்லை. கடைசிக் கட்டச் சோதனைகள் இரண்டு. 2021இல் வெளியானதில் தொண்ணூறு பேர். மருந்து எடுத்தவர்களில் 67 சதவீதத்தினர், முடிவில் அந்த நோயின் இலக்கணத்துக்குள் வரவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம். 2023இல் வெளியானதில் நூற்றுநாலு பேர். மருந்துக்கு 71, வெற்று மாத்திரைக்கு 48. மருந்தா வெற்று மாத்திரையா என்று எடுத்தவர்களில் பெரும்பாலோர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது ஒரு பெரிய ஓட்டை. எதிர்பார்ப்பே குணப்படுத்தும், ஏமாற்றமே நோயை வளர்க்கும் இடம் இது. அதை ஆலோசனைக் குழு பிடித்துக்கொண்டது, நியாயம்தான். ஆனால் அந்த 48ஐப் பாருங்கள். ஏமாற்றமடைந்தவர்கள் அவர்கள். தங்களுக்குக் கிடைத்தது சும்மா மாத்திரை என்று அவர்களில் பலருக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் ஏறக்குறையப் பாதிப்பேர் நிமிர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது என்ன? மருந்து எடுத்தவர்களுக்குக் கிடைத்த அதே சிகிச்சை. எட்டு மணி நேர அமர்வுகள் மூன்று. முன்னும் பின்னுமாக ஒன்றரை மணி நேர அமர்வுகள் பன்னிரண்டு. கூட்டிப் பார்த்தால் 42 மணி நேரம். இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்க்காமல், அவசரப்படுத்தாமல் கேட்டிருக்கிறார்கள். காலப்போக்கில் தானாகத் தணிவதும் இந்தக் கணக்கில் கொஞ்சம் கலந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் நம்மில் யாருக்காவது, எந்த நல்ல நாளிலாவது, நாற்பத்திரண்டு மணி நேரம் ஒருவன் காது கொடுத்திருக்கிறானா?

முடிவுகளை அளந்த விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பெண், மொத்தம் எண்பது. கெட்ட கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை, குற்றவுணர்வு எல்லாம் ஒரே தராசில். மதிப்பெண் இறங்கினால் குணம். நோயாளி சொன்ன கதை என்ன, அது யாரைப் பற்றியது, சொல்லப்பட்டவன் இன்னமும் வெளியே நடமாடுகிறானா என்பதெல்லாம் அந்தத் தாளில் ஏறாது. சாட்சியம் அறிகுறியாகிவிடுகிறது. பஸ்டியான்ஸின் ஹாலந்தில் அப்படி இல்லை என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. ப்ரெடா சிறையில் ஜெர்மன் போர்க் குற்றவாளிகள் மூன்று பேர் இருந்தார்கள். 1972இல் அவர்களை விடுதலை செய்யலாம் என்று மந்திரி யோசனை சொன்னார். லூயி வான் காஸ்டெரன் என்ற சினிமாக்காரர், பஸ்டியான்ஸிடம் எல்.எஸ்.டி. சிகிச்சை பெற்ற ஒரு முகாம் கைதியைப் படமாக எடுத்திருந்தார். நான் ஏன் அழுகிறேன் என்று இப்போதாவது புரிகிறதா என்ற பொருளில் படத்துக்குப் பெயர். விடுதலை பற்றிய விவாத நாட்களில் ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். பாராளுமன்றம் விடுதலைக்கு எதிராக வாக்களித்தது. அது சரியான முடிவா என்பது வேறு விஷயம். ஒரு நோயாளியின் அழுகையைத் தேசம் பூராவும் தன் விஷயமாக எடுத்துக்கொண்டது என்பதைத்தான் சொல்கிறேன். பஸ்டியான்ஸும் புனிதரல்ல. நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை செய்தும், சக டாக்டர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும்படி முறையாக எதையும் எழுதி வைக்கவில்லை என்ற புகார் கடைசிவரை அவர் மேல் இருந்தது.

இப்போது அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு ஆதரவு திரட்டும்போதெல்லாம் முன்னால் நிறுத்தப்படுபவர்கள் இராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் சண்டை போட்டுத் திரும்பிய சிப்பாய்கள். 2024 டிசம்பரில் அந்நாட்டு முன்னாள் ராணுவத்தினர் இலாகாவே இதற்கு ஏறக்குறைய 15 லட்சம் டாலர் ஒதுக்கியது. சிப்பாய்க்கு வந்தாலும் வேதனை வேதனைதான். ஆனால் யாருடைய வீட்டுக் கதவையோ உதைத்துத் திறந்து உள்ளே சுட்டவன் தூக்கம் கெட்டு வருகிறான் என்றால், அவனுக்கு வந்திருப்பது முழுக்கவும் நோயா? கொஞ்சம் மனசாட்சியும் அதில் இல்லையா? ஜோனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1994இல் ஒரு புத்தகம் எழுதினார். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டே ஹோமரின் இலியத்தை அவர்களோடு சேர்த்து வாசித்தவர் அவர். தளபதிகள் தர்மத்தைக் காட்டிக்கொடுத்ததில் உடைந்தவர்கள் இவர்கள். இவர்கள் சொல்வதைச் சமூகம் கேட்டு, கூடவே துக்கம் கொண்டாடாதவரை டாக்டரால் ஆகக்கூடியது கொஞ்சம்தான் என்பது அவர் வாதம். அந்த இடத்தில் மாத்திரை வந்து உட்கார்ந்துகொண்டால், குற்றவுணர்வு நாலிலிருந்து ஒன்றுக்கு இறங்கும். வீட்டுக்குள் செத்துப்போனவர்களுக்கு எந்தத் தாளில் மதிப்பெண்? டி-நூர் விஷயத்தில் மருந்து செய்தது இதற்கு நேர் எதிரிடை. செய்யாத குற்றத்துக்கும் தன்னைப் பொறுப்பாளியாக்கியது அது.

இவ்வளவு எழுதிய பிறகு ஒரு கேள்வி என்னை நிறுத்துகிறது. பதினைந்து வருஷமாகக் கதவைப் பூட்டிக்கொண்டு, ஆண் குரல் கேட்டாலே நடுங்கிக்கொண்டு கிடக்கும் ஒரு பெண்ணிடம் போய், உன் வேதனை ஒரு சாட்சியம், அதை மாத்திரைக்கு விற்காதே என்று சொல்ல நான் யார்? சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்த மாத்திரை நாலு மணி நேரத் தூக்கம் தருமென்றால் தரட்டும். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் கொடுக்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஆராய்ச்சி நடக்கட்டும், ஒழுங்காக, கதவு திறந்திருக்க நடக்கட்டும். என் சண்டை அவளோடு இல்லை. வேதனையை இலக்கியத்தின் மூலதனம் என்று பேசிப் பழகிய நம்மோடு.

நம் கூட்டத்தில் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், பழைய ஆட்களுக்குத் தெரியும். எட்டோ ஒன்பதோ கவிதைகள்தான் எழுதினான். கடைசி வருஷத்தில் ராத்திரி முழுக்க நடப்பான், காதில் யாரோ பேசுவதாகச் சொல்வான். நாங்கள் அதைப் பித்து என்று கொண்டாடினோம். அதை ஒரு புதிய மொழியின் ஆரம்பம் என்று நானே ஒரு பத்திரிகையில் எழுதினேன், தேடினால் கிடைக்கும். ஒருநாள் அவன் அண்ணன் ஊரிலிருந்து வந்து, எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல், அவனைக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு அவன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டு, நன்றாக இருப்பதாகக் கேள்வி. எழுதுவதில்லை. நஷ்டம் என்று எங்களில் சிலர் இன்னும் சொல்கிறார்கள். அவன் எங்களோடு இருந்த மூன்று வருஷத்தில் அந்தக் குரல்கள் என்ன சொல்கின்றன என்று எங்களில் ஒருவர்கூட அவனை உட்காரவைத்துக் கேட்டதில்லை.

டி-நூரின் கதையில் ஒன்று பாக்கியிருக்கிறது. யுத்தத்துக்கு முன், 1931இல், வார்ஸாவில் அவர் இத்திஷ் மொழியில் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டிருந்தார். அதைத் தன் எழுத்தாக அவர் பின்னால் ஒப்புக்கொண்டதே இல்லை. கிடைத்த பிரதிகளையெல்லாம் வாங்கி அழித்துவந்தார். லைடனுக்குப் போய் வந்து பதினேழு வருஷம் கழித்து, 1993இல், ஜெருசலேம் தேசிய நூலகத்தில் மிஞ்சியிருந்த பிரதியை எடுத்துப்போய் எரித்தார். எரிந்து மிஞ்சிய துண்டுகளை நூலகத்துக்கே திருப்பி அனுப்பிவைத்தார், தனக்குப் பிரியமானவர்கள் எல்லோரும் எரிந்துபோனதுபோல் இதுவும் எரிந்துபோகட்டும் என்று எழுதி. அப்போது அவருக்கு வயது எண்பத்துநாலு. 2001இல் இறந்தார்.